கல்லி முனையில் நின்றுபோன இணையம்

ஓடும்போது யாரும் நினைத்துப் பார்க்காத, நின்றுவிட்டால் எல்லோரும் பெயர் சொல்லித் திட்டுகிற தொழில் என்று ஒன்று இருந்தால், அது வீடு வீடாக இணையம் கொடுக்கிற எங்கள் தொழில்தான்.

உங்களுக்கும் தெரியும். கிரிக்கெட்டில் கடைசி ஓவர் நடக்கும்போது திரையில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்துப் பாதி உயிர் போயிருக்கும். ரவுட்டரை அணைத்து, ஒன்று இரண்டு எண்ணி, சாமியை வேண்டிக்கொண்டு மறுபடி போட்டிருப்பீர்கள். "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது" என்று ஒரு குரல் திரும்பத் திரும்பச் சொல்ல, பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருப்பீர்கள். அந்தக் குரலுக்கு அப்புறம் உங்கள் வீட்டு வாசலில் ஏணியோடு வந்து நிற்கிற ஆள் நான்.

என் பெயர் இசக்கியம்மாள். அப்பா அம்மா திருநெல்வேலிப் பக்கம். நான் பிறந்தது, படித்தது, கல்யாணம் கட்டியது எல்லாம் தாராவி. குடிசைப் பகுதிகளுக்கும் நல்ல இணையம் போகட்டும் என்று அரசாங்கம் ஒரு திட்டத்துக்குப் பணம் ஒதுக்கியது. பெரிய கம்பெனி ஒன்று அதை எடுத்து, ஒயர் இழுக்கும் வேலையை எங்கள் சின்னக் கம்பெனிக்குக் கொடுத்தது. என்னோடு எப்போதும் வருகிறவர் சந்தோஷ் பாவ். பாவ் என்றால் மராத்தியில் அண்ணன். எங்கள் ஆட்களோடேயே வளர்ந்ததால் தமிழ் நன்றாகப் பேசுவார். அவர் என்னைத் 'தாயி' என்று கூப்பிடுவார். மராத்தியில் அது அக்கா. அம்மா என்று நினைத்துவிடாதீர்கள், அவர் என்னைவிட மூத்தவர்.

எரியாத ஒயர்

எங்கள் சந்துகளை நாங்கள் கல்லி என்போம். குடையை விரித்தால் இரண்டு பக்கச் சுவரிலும் இடிக்கும். கீழே ஒரு குடும்பம், இரும்பு ஏணி வழியாக ஏறினால் மேலே இன்னொரு குடும்பம். ஒயரைப் பிடிக்க ஒரு கிளிப் அடிக்க வேண்டுமானால், சுவர் யாருடையது என்பதிலிருந்து பேச்சைத் தொடங்க வேண்டும். கீழ்வீட்டுக்காரர் மேல்வீட்டைக் காட்டுவார், மேல்வீட்டுக்காரர் ஊருக்குப் போயிருக்கும் சொந்தக்காரரைக் காட்டுவார். எல்லோரையும் பேசிச் சரிக்கட்டிய பிறகும், வேலம்மாள் அக்கா மட்டும் எங்கள் ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அவர் வீட்டிலேயே முறுக்கு சுட்டுக் கடைகளுக்குப் போடுகிறவர்.

"எங்க சொவருல ஒயரு கியரு எதுவும் வேண்டாம்" என்று ஒரே பேச்சு. சந்தோஷ் பாவ் எவ்வளவோ சொன்னார். நான் அவரை நிறுத்திவிட்டு, "ஏங்க்கா, என்ன பயம்?" என்று கேட்டேன். அக்கா முந்தானையை விலக்கி முழங்கையைக் காட்டினார். தோல் சுருங்கி, வழுவழுவென்று இருந்தது. கரண்டு ஒயர் உரசித் தீப்பிடித்து அந்த வீடு ஒரு தடவை முழுசாக எரிந்திருக்கிறது. அண்டாவையும் பிள்ளைகளையும்தான் வெளியே இழுக்க முடிந்ததாம். அதற்குமேல் அவரிடம் வாதாட எனக்கு மனசு வரவில்லை.

பையிலிருந்து ஒரு துண்டு ஃபைபரை எடுத்து, மேலுறையை உரித்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். தலைமுடி மாதிரி ஒரு கண்ணாடி நூல். இதில் கரண்டு கிடையாது, வெளிச்சம் மட்டும்தான் ஓடும் என்று சொல்லி, சோதனைக்கு வைத்திருக்கும் சிவப்பு விளக்குப் பேனாவை ஒரு முனையில் மாட்டினேன். பகலிலும் இருட்டாக இருக்கும் கல்லி அது. மறுமுனையில் மிளகளவு சிவப்பு தெரிந்தது. அக்கா அதை விரலால் தொட்டார், அப்புறம் பயம் தெளிந்து கன்னத்தில் வைத்துப் பார்த்தார். சுடவில்லை. ஏணியை விட்டுவிட்டுச் சொன்னார்: "இந்தத் துளியூண்டு வெளிச்சத்துக்காம்மா இத்தன பேரு ஏணியத் தூக்கிட்டு வந்திருக்கிய?"

பொது இடம்

திட்டத்தில் ஒரு பகுதி, எல்லோருக்கும் இலவச வைஃபை. அதற்கான பெட்டியை 'பொதுக் கட்டடம்' ஒன்றில்தான் மாட்ட வேண்டும் என்பது விதி. எங்கள் பகுதியின் வரைபடத்தில் பொதுக் கட்டடம் என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான், கழிப்பறை. மாட்டினோம். முதல் நாள் ஒரே கொண்டாட்டம். அப்புறம் பார்த்தால், வேலையில்லாத பையன்கள், வேலை முடிந்த பையன்கள், வேலைக்குப் போகவேண்டிய பையன்கள் அத்தனை பேரும் கழிப்பறைப் படிக்கட்டில் போனோடு உட்கார்ந்துவிட்டார்கள். அங்கே உட்கார்ந்தால்தான் சிக்னல் முழுசாக வரும்.

அந்தக் கழிப்பறையைப் பார்த்துக்கொள்கிற முத்துலட்சுமி மதினிதான் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். வயசுப் பெண்கள் சாயங்காலமானால் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டார்களாம், அந்தக் கூட்டத்தைத் தாண்டிப் போகவேண்டுமே என்று. எனக்குச் சுருக்கென்றது. திட்ட அதிகாரி மேடத்துக்குப் போன் செய்தேன். நல்ல மனுஷி, மறுநாளே வந்தார். மேடம் முதலில் பையன்களை விரட்டிவிடலாமா என்று யோசித்தார். மதினி, "அவனுவளும் எங்க போவானுவ? வீட்டுல நிக்கவே எடமில்ல" என்று அவர்களுக்கும் சேர்த்தே பேசினார். கடைசியில், பெண்கள் நடத்தும் தையல் கூடத்தின் கூரையில் பெட்டியை மாட்டலாம், அதையும் பொதுக் கட்டடம் என்று நான் எழுதிக்கொள்கிறேன் என்று மேடம் ஒத்துக்கொண்டார். மதினி அவரிடம் சொன்னது இதுதான்: "முந்தி இங்க லைன்ல நிக்கதுக்குக் காலு வலிக்கும் மேடம். ஒங்க நெட்டு வந்த பொறவு வெக்கமும் சேந்து வலிச்சுது."

தாளம் தப்பியது யார்?

மாட்டுங்காவில் பழைய செப்புக் கம்பிகளை எடுத்துவிட்டு ஃபைபர் போட்டுக்கொடுத்தோம். அங்கே ராஜம் டீச்சர் என்று பாலக்காட்டுக் குடும்பத்து அம்மாள், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்தே பாட்டு சொல்லிக்கொடுக்கிறார். ஃபைபர் வந்த பிறகும் புகார் வந்துகொண்டே இருந்தது: வேகம் போதவில்லை, தாளம் சேரவில்லை. நான் போய் சோதித்தேன். வேகம் பிரமாதமாக இருந்தது. "அப்போ அவளுக்குத்தான் தாளம் வரலை" என்றார் டீச்சர். மெல்போர்னிலிருந்து பாடுகிற ஒரு பெண்பிள்ளையைச் சொன்னார். சரி, வகுப்பு நடக்கட்டும் என்று ஓரமாக உட்கார்ந்தேன். டீச்சர் தொடையில் தட்ட, அந்தப் பெண் பாட, ஒவ்வொரு தட்டுக்கும் அவள் ஒரு இழை பின்னால் வந்தாள். டீச்சர் அதட்ட அதட்ட அவள் குரல் சின்னதாகிக்கொண்டே போனது.

எனக்குப் பாட்டு தெரியாது. ஆனால் இந்தப் பின்தங்கல் எங்கள் தொழிலில் தினமும் பார்க்கிறதுதான். சந்தோஷ் பாவை அடுத்த அறைக்கு அனுப்பி அதே வீடியோ காலில் வரச் சொன்னேன். டீச்சரும் அவரும் சேர்ந்து கை தட்ட வேண்டும். டீச்சர் தட்டினார். சுவருக்கு அந்தப் பக்கம் பாவின் தட்டு சரியாகக் கேட்டது, போனில் அதே தட்டு கொஞ்சம் கழித்து வந்தது. பக்கத்து அறைக்கே இவ்வளவு என்றால் மெல்போர்ன் போய்த் திரும்புவதற்கு எவ்வளவு? மெல்போர்ன் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள், "எனக்கும் உங்க தாளம் லேட்டாத்தான் வரும் டீச்சர். அதான் ஓடி ஓடிப் பிடிக்கப் பார்த்தேன்." அன்றையிலிருந்து அவள் தாளத்தை அவளே போட்டுக்கொள்கிறாள், டீச்சர் கையைக் கட்டிக்கொண்டு கேட்கிறார். எங்களுக்குக் காபி கொடுக்கும்போது டீச்சருக்குக் கண் கலங்கியிருந்தது. "கொழந்தைக்குத் தாளமே வராதுன்னு அவ அம்மாகிட்ட வேறே சொல்லிட்டேனே! தப்பினது அவ இல்லேடீம்மா, நடுவிலே கெடக்கற சமுத்திரம்னா!"

விரல் வைக்கும் இயந்திரம்

கோவண்டியில் ஒரு ரேஷன் கடை. விரல் வைத்தால்தான் அரிசி, விரலைச் சரிபார்க்க நெட் வேண்டும். அங்கே நெட் என்பது கடைக்காரரின் போன், அதை அவர் ஒரு கம்பில் கட்டி வாசலுக்கு வெளியே நீட்டிப் பிடித்திருந்தார். மேகம் திரண்டால் போச்சு. நாங்கள் ஒயரோடு போய்ச் சேர்ந்தபோது கூட்டம் தெருமுனை வரை நின்றது, அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்தவர்கள்தான் பாதிப்பேர். கடைக்காரரைக் குறை சொல்லவும் முடியாது, மனுஷன் கை கடுக்கக் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். வேலை முடிந்து இயந்திரத்தில் பச்சை விளக்கு எரிந்ததும் கூட்டத்தில் யாரோ விசில்கூட அடித்தார்கள். முன்னால் நின்ற ஒரு பெண், கட்டட வேலைக்குப் போகிறவர், விரலைச் சேலையில் துடைத்து இயந்திரத்தில் வைத்தபடியே சொன்னார்: "முந்தி அரிசி வரலன்னு திருப்பி அனுப்புவாவ, இப்பம் சிக்னல் வரலன்னு அனுப்புதாவ. வயித்துக்கு ரெண்டும் ஒண்ணுதானம்மா?"

தாண்டிய வீடு

இது கொஞ்சம் உள்விவகாரம், ஆனால் உங்களுக்குத் தெரிந்திருப்பது நல்லது. இந்த மாதிரித் திட்டங்களில் கம்பெனிக்குப் பணம் வருவது எத்தனை வீட்டில் நெட் ஓடுகிறது என்பதை வைத்து அல்ல. ஒயர் எத்தனை வீட்டைத் தாண்டிப் போயிருக்கிறது என்பதை வைத்து. வாசல் பக்கமாக ஒயர் போய்விட்டால் அந்த வீடு 'தாண்டிய வீடு', கணக்கில் சேர்ந்துவிடும். அதனால் என்ன ஆகும்? அகலமான கல்லியில் ஒயர் ஜோராக ஓடும். உள்கல்லிகளின் முனையில் வந்து நின்றுவிடும். உள்ளே இழுப்பதுதான் கஷ்டமான வேலை, அதற்குத் தனியாக யாரும் எதுவும் தருவதில்லை.

அப்படி ஒரு உள்கல்லியில்தான் அருணாசலம் அண்ணாச்சி பள்ளிக்கூடப் பைகள் தைக்கிறார். மகள் நர்ஸ் படிப்பு. பாடமெல்லாம் வீடியோவில் வருகிறது என்று அந்தப் பிள்ளை சிக்னல் கிடைக்கிற கல்லி முனையில், மீன்காரம்மாவின் பலகைக்குப் பக்கத்தில் நின்று படித்துக்கொண்டிருந்தாள். அண்ணாச்சி தினமும் என்னைக் கேட்பார், "நம்ம வீட்டுக்கு எப்பம்மா?" நான் தினமும் மேலே கேட்பேன். மேலே, அந்தப் பகுதி முடிந்துவிட்டதே என்பார்கள். கடைசியில் அதிகாரி மேடம் வேலையைப் பார்த்துக் கையெழுத்துப் போட வந்த அன்று, அண்ணாச்சி ஊசியைத் துணியில் குத்திவைத்துவிட்டு எழுந்து வந்தார். என் வீடு முடிந்த கணக்கில் எப்படி வந்தது என்று கேட்டார். மேடம் மறைக்காமல் விதியைச் சொன்னார். அதற்கு அண்ணாச்சி சொன்ன பதிலில் மேடம் முதலில் சிரித்துவிட்டார், அப்புறம் சிரிப்பு நின்றுபோனது. விதியை மாற்ற அவருக்கு அதிகாரம் இல்லை. ஆனால் ஒவ்வொரு உள்கல்லிக்குள்ளும் ஒரு இணைப்புப் பெட்டியாவது போகாமல் கையெழுத்துப் போடமாட்டேன் என்று நின்றுகொண்டார், பெரிய கம்பெனிக்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்கள். அண்ணாச்சி சொன்னது இவ்வளவுதான்: "வீட்டத் தாண்டிப் போனதுக்கு ஒரு காசுன்னா, மொதல்ல ரயிலுக்குல்லா குடுக்கணும்? அதுவும் தெனம் எங்களத் தாண்டித்தான் போவுது."

மொட்டைமாடி அனுமதி

செம்பூரில் ஒரு அடுக்குமாடிக் கட்டடம். அதன் பின்சுவரை ஒட்டி ஒரு குடியிருப்பு, பெரும்பாலும் நம் ஆட்கள். அங்கே இணையம் போகவேண்டுமானால் கட்டடத்தின் மொட்டைமாடி வழியாக ஒயர் போவதுதான் ஒரே வழி, இன்னொரு பக்கம் ரயில்வே நிலம். அனுமதி கேட்டு, அந்தக் கட்டடத்துக் கமிட்டியின் செக்ரெட்டரி ராமநாதன் சாரிடம் போனேன். கெட்ட மனிதர் இல்லை. உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், மறுத்தார். கட்டடத்தின் அழகு கெடும், நாளைக்கு ஏதாவது ஆனால் கமிட்டி பதில் சொல்ல வேண்டும். அடுத்த தடவையும் அதேதான், தண்ணீருக்குப் பதில் மோர்.

பின்னால் குடியிருக்கும் பாக்கியம் அக்காதான் அந்தக் கட்டடத்தில் பாதி வீட்டுக்குச் சமையல். மகன் கண் பார்வை குறைந்தவன், அவனுக்கான பாடங்களைப் படித்துக் காட்டுகிற செயலி நெட் இல்லாமல் வாய் திறக்காது. நான் சோர்ந்துபோய்ச் சொன்னதைக் கேட்டுவிட்டு, "விடு, நான் கேட்டுப் பாக்கேன்" என்றார். சண்டை போடவில்லை, வேலையை நிறுத்தவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் தோசை ஊற்றும்போது, அந்த வீட்டு அம்மாளிடம் மகன் என்ன படிக்கிறான், எங்கே தடுமாறுகிறான் என்று சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான். மாதக் கூட்டத்தில் ஒயர் விஷயம் வந்தபோது, வழக்கமாகக் கூட்டத்துக்கே வராத பெண்கள் எல்லாம் வந்து உட்கார்ந்து கையைத் தூக்கினார்கள். முதல் கை, செக்ரெட்டரியின் மனைவியுடையது. அனுமதிக் கடிதத்தை என்னிடம் கொடுத்தபோது ராமநாதன் சார் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. "இந்த பில்டிங்கோட கமிட்டி எங்க கூடறதுன்னு இன்னைக்குத்தான் புரிஞ்சுதும்மா. கிச்சன்ல!"

விரல் நின்றால்

சுடலைமுத்து தோல் பட்டறையில் பெல்ட் வெட்டுகிறவர். பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. அவர் மனைவி செண்பகமும் அப்படியே. செண்பகம் பிரசவத்துக்காகச் சங்கரன்கோவிலில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். மழைக்காலத்தில் ஒரு மத்தியானம், மெயின் ரோட்டில் குழாய் போடத் தோண்டியவர்கள் எங்கள் ஃபைபரை வெட்டிவிட்டார்கள். தாராவியின் அந்தப் பக்கம் முழுக்க நெட் போச்சு. போன் மேல் போன். எல்லோருக்கும் "பார்த்துக்கிட்டு இருக்கோம்" என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, சுடலைமுத்து நனைந்தபடி எங்கள் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். கூடவே அவர் அண்ணன் கணேசன். சுடலைமுத்து போனை என் முகத்துக்கு முன் நீட்டினார். செண்பகத்தின் படம் அப்படியே உறைந்திருந்தது, இரண்டு கையும் பாதி தூக்கிய நிலையில்.

பழக்க தோஷத்தில், "நெட் வர நேரமாகும், சும்மா போன் போட்டுப் பேசச் சொல்லுங்க" என்று கணேசனிடம் சொல்லிவிட்டேன். சொல்லி முடிக்கும்போதே நாக்கைக் கடித்துக்கொண்டேன். கணேசன் கோபப்படவில்லை. "எழுதி அனுப்பலாம்க்கா. ஆனா வலி எடுத்துக் கெடக்கவ எழுதிட்டா இருப்பா?" என்றார். மெயின் ரோட்டில் மொபைல் நெட் கொஞ்சம் கிடைத்தது, ஆனால் நெட் போன அத்தனை பேரும் அதைத்தான் இழுத்துக்கொண்டிருந்தார்கள், படம் நின்று நின்று வந்தது. நமக்குப் படம் நின்றாலும் குரலாவது கேட்கும். அவர்களுக்கு விரல் நின்றால் வார்த்தையே நின்றுபோகிறது. இத்தனை வருஷம் வேகம், வேகம் என்று பேசியிருக்கிறேன், அது எதற்கு என்று அன்றுதான் உறைத்தது.

குழிக்குள் முழங்கால் அளவு சேறு. கண்ணாடி நூலை ஒட்டும் இயந்திரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் ஒட்டு நிற்காது. தார்ப்பாயை நான்கு பேர் பிடித்துக்கொண்டார்கள், சுடலைமுத்து ஒரு மூலையில். சந்தோஷ் பாவ் ஒட்டிக்கொண்டே இருந்தார், சுடலைமுத்துவின் கல்லிக்குப் போகிற நூலை முதலில் ஒட்டினார், யாரும் சொல்லாமலே. நாங்கள் சுடலைமுத்துவின் அறைக்கு ஓடிப்போய்ச் சேர்ந்தபோது ரவுட்டரில் பச்சை வந்துவிட்டது. திரையில் ஆஸ்பத்திரிக் கட்டில். செண்பகத்தின் தங்கை போனைப் பிடித்திருந்தாள். செண்பகம் களைத்துப்போய், ஒரு கையால் மட்டும் என்னவோ சொன்னாள், மறு கை துணிச் சுருளுக்குள் இருந்தது. சுடலைமுத்துவின் விரல்கள் பதறிப் பதறிப் பேசின. எனக்கு ஒன்றும் புரியவில்லை, கணேசனைப் பார்த்தேன். அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னார்: "பொட்டப்பிள்ள பொறந்திருக்கு. 'பிள்ள கைய நல்லா ஆட்டுதா, நல்லாப் பாத்துச் சொல்லு'ன்னு கேக்கான்க்கா."

வெட்டியவர்

அந்த ஒயரை வெட்டிய ஆளைப் பிடித்து நாலு கேள்வி கேட்டுவிடுவது என்று மறுநாள் நானும் பாவும் கிளம்பிப் போனோம். தோண்டும் ஆட்களுக்கு மேஸ்திரி, விக்ரோலியில் குடியிருக்கும் முருகேசன் என்கிறவர். நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே மனுஷன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துவிட்டார். அவருக்குக் கொடுத்த வரைபடத்தில் தண்ணீர்க் குழாய் மட்டும்தான் இருந்ததாம், எங்கள் ஒயர் இல்லை. எங்கள் வரைபடத்தில் ஒயர் மட்டும்தான் உண்டு, குழாய் இல்லை. ரோடு என்னவோ ஒன்றுதான். சுடலைமுத்து விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் வாடிப்போனது. "பிள்ள நல்லா இருக்கா?" என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் டீக்கே வந்தார். சந்தோஷ் பாவ் திட்டுவதற்காக மனசுக்குள் தயார் செய்துவைத்திருந்த மராத்தி வார்த்தைகள் எல்லாம் வீணாகப் போயின. எனக்கும்தான்.

அன்று என் நம்பரை வாங்கிக்கொண்டார். இப்போதெல்லாம் மண்ணில் கடப்பாறை இறங்குவதற்கு முன்னால் என் போன் அடிக்கிறது. "எக்கா, நாளைக்கு இங்கன தோண்டுதோம், ஒங்க ஒயரு எங்கன கெடக்கு?" நானோ பாவோ ஓடிப்போய் ஒரு சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டு வருகிறோம். அவரும் எங்கள் குழிக்குப் பக்கத்தில் குழாய் போகுமானால் சொல்லிவிடுகிறார். இதற்கு ஒரு உத்தரவு வேண்டாமா, ஒரு கூட்டுக் கமிட்டி வேண்டாமா என்று ஒருநாள் விளையாட்டாகக் கேட்டேன். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு முருகேசன் சொன்னார்: "மேல ரெண்டு ஆபீசும் பேசிக்கிடதுக்கு நாளாகும்க்கா. அதுவரைக்கும் குழிக்குள்ள நிக்க நாம பேசிக்கிடுவோம்."

நாடு முழுக்க ஒயர் இழுக்கப் பணமும் திட்டமும் நிறைய வரட்டும், வேண்டாம் என்று சொல்ல நான் யார், ஆனால் ஊர் விட்டு ஊர் வெளிச்சத்தின் வேகத்தில் வருகிற இணையம் கல்லி முனையிலிருந்து வீட்டுக்குள் போவதற்கு மட்டும் இன்றைக்கும் மனுஷர் ஒருவரை ஒருவர் கெஞ்சிச் சம்மதிக்க வைக்கிற வேகம்தான்.